முடவர் செலவும் நகையும்: இரட்டையர் தனிப்பாடல்கள் முதல் செட்டியார்பட்டி அன்றாட வழக்கு வரை

ஆய்வுச்சுருக்கம்

உடற்குறையுடையோரின் நடையை நகை தோன்றும் இடங்களுள் ஒன்றாகத் தமிழ் மெய்ப்பாட்டியல் உரைமரபு எண்ணுகிறது. அந்நடைக்கு உரியவர்களே நகையைப் படைப்போராக மாறும்போது நகையின் இயல்பு எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கலித்தொகையின் கூனி–குறளன் உரையாடல், இரட்டையர் தனிப்பாடல்கள், அந்தகக்கவி வீரராகவ முதலியார் பாடல், செட்டியார்பட்டி அன்றாடப் பேச்சுவழக்கு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன. உடற்குறையை நகையோடு எதிர்கொள்ளுதல் தனிமனிதரின் மனவலிமை என்று மட்டும் கருதப்படுகிறது. அது பாடலின் மறுபாதியைப் பாட ஒருவர் உடனிருக்கும் உறவு நிலை என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, எள்ளல், இரட்டையர், தனிப்பாடல், மாற்றுத்திறனாளி, செட்டியார்பட்டி

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்தில், தளவாய்புரத்தை அடுத்து அமைந்த பேரூர் செட்டியார்பட்டி. கட்டுரையாளர் இவ்வூரில் பிறந்து வளர்ந்தவர். இடக்கால் குறைபாட்டுடன் பிறந்தவர். கல்லூரிக்குச் செல்லும் பொருட்டு நாள்தோறும் ராஜபாளையம் பேருந்தில் ஏறிய காலத்தில் பெரியவர் ஒருவர் அடிக்கடி உடன் வருவார். ஒருநாள் அவர், “ஏன் தம்பி, இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்கு இப்படி அலையுற?” என்று கேட்டார். கேள்வியில் பகை இல்லை, இரக்கமே இருந்தது. கட்டுரையாளர் சொன்ன விடை: “வீட்டுல வச்சிட்டு வரலாம்னுதான் பாத்தேன் அண்ணாச்சி. அது தனியா இருக்க மாட்டேங்குது.”

பேருந்தில் பலர் சிரித்தனர், பெரியவரும் சிரித்தார். அதன்பின் அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. படிப்பைப் பற்றிக் கேட்டார். ‘வைத்துக்கொண்டு’ என்னும் சொல் பெரியவர் வாயில் உடைமைப் பொருளில் வந்தது. விடையில் அது ஓரிடத்தில் வைத்தல் என்னும் நேர்பொருளுக்குத் திரும்பியது. சொல் ஒன்றே, பொருள் பெயர்ந்தபோது சிரிப்பும் இடம் பெயர்ந்தது. காலைக் குறித்து எழவேண்டிய சிரிப்பு, சொல்லைக் குறித்து எழுந்தது. இப்பெயர்ச்சி எங்ஙனம் நிகழ்கிறது, அதற்குத் தமிழ் மரபில் முன்னோடிகள் உளவா என்னும் வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

மெய்ப்பாட்டியலில் உடற்குறை

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறும். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இப்பகுப்பை நோக்கின், உடற்குறை அழுகையின்பாலோ இளிவரலின்பாலோ அடங்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடக்க இயலாமை வருத்தம். பிறரால் இகழப்படுதல் இளிவு. உறுப்பு இழத்தல் இழவு.

உரைமரபு இவ்வெதிர்பார்ப்புக்கு மாறாக வேறொரு செய்தியைத் தருகிறது. இளம்பூரணர் எடுத்துக்காட்டும் செயிற்றிய நூற்பா நகை தோன்றும் இடங்களைப் பட்டியலிடுகையில், முடவர் நடந்து செல்லும் செலவையும், கூனர், குறளர், ஊமர், செவிடர் ஆகியோரையும் அதனுள் சேர்க்கிறது. பித்தர் பிதற்றலும், ஆரியர் பேசும் தமிழும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றன. புறநானூற்று 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைக்குமிடத்து, எண்வகைக் குறைப்பிறப்புகளைப் பயனற்ற பிறப்புகளாக எண்ணுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. புறநானூறு குறையைப் பேதைமைக்கு ஒப்பாக வைக்க, செயிற்றியம் அதை நகைக்குக் களனாக வைக்கிறது.

இப்பட்டியலைக் கொண்டு பண்டையோரை இக்காலத்து அறத்தால் அளந்து குறைகூறுதல் ஆய்வுக்கு உதவாது. பட்டியல் சமூகத்தில் நிகழ்ந்ததைப் பதிவு செய்கிறது; மெய்ப்பாட்டியல் காண்போர்க்கு யாது தோன்றும் என்பதையே பேசுகிறது. ஆயினும் ஒன்று தெளிவு. முடவர் செலவைக் கண்டு நகுவோர் உளர். அச்செலவுக்குரிய முடவர் நகுவாரா என்பது பட்டியலில் எழாத வினா.

எள்ளலின் இருவகை

அவ்வினாவுக்கான வாயிலைப் பேராசிரியர் உரை திறக்கிறது. எள்ளல் என்பதற்கு அவர் இருவகை கூறுவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. எள்ளப்பட்டவனுக்கு அழுகையும் வெகுளியுமே உரியன என்று கொள்ளாது, அவனும் நகக்கூடும் என்று உரையாசிரியர் கண்டிருப்பது நுட்பமானது.

எனினும் இரண்டாம் வகை ஒரே தன்மையதன்று. எள்ளப்பட்டவன் ஏன் நகுகிறான்? அஞ்சி நகலாம், வேறு வழியின்றி நகலாம், எள்ளியவனின் பேதைமையைக் கண்டு நகலாம், எள்ளிய சொல்லையே கருவியாக்கி அவையையும் தன்னோடு நகச் செய்யலாம். இக்கட்டுரை இவற்றுள் இறுதியாகக் கூறியதைத் ‘திருப்பி நகுதல்’ என்னும் பெயரால் வழங்குகிறது. அஞ்சி நகுதலும் திருப்பி நகுதலும் புறத்தே ஒன்றுபோல் தோன்றும். பல்லின் வெளிப்பாடு இரண்டிலும் ஒன்றே. வேறுபாட்டைப் பாடல்களின் வழியே காணலாம்.

கலித்தொகையில் கூனியும் குறளனும்

கலித்தொகை 94ஆம் பாடல் அரண்மனைக் குற்றேவல் புரியும் கூனி ஒருத்திக்கும் குறளன் ஒருவனுக்கும் இடையே நிகழும் காதல் உரையாடல். இருவரும் முதலில் ஒருவர் உடலை மற்றவர் உவமைகளால் இகழ்கின்றனர். உலகம் தங்களுக்குக் கற்பித்த எள்ளலை இருவரும் தமக்குள் வீசிக்கொள்கின்றனர் எனலாம். பாடலின் பிற்பகுதியில் நிலை மாறுகிறது. இனி உன்னை இகழேன் என்று குறளன் அரசன் அடிமேல் ஆணையிடுகிறான், கூனியும் அடங்குகிறாள். அரண்மனையிலுள்ளோர் தங்களைக் கண்டு நகாதிருத்தல் வேண்டும் என்ற எண்ணத்துடன் இருவரும் தனியிடம் நாடுகின்றனர்.

இப்பாடல் பொதுவாக அடியோர் காமம் என்ற அளவில் நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுவதுண்டு. கூர்ந்து நோக்கின், சிரிப்பவர் யார் என்னும் வினாவைப் பாடலே எழுப்புகிறது. இருவரும் தம்முள் எள்ளிக்கொள்வதைத் தாங்குகின்றனர். அது ஊடலின் விளையாட்டாக மாறிவிடுகிறது. மூன்றாமவர் நகுவதையே அஞ்சுகின்றனர். ஒரே சொல் உள்ளிருந்து வருங்கால் விளையாட்டாகவும், வெளியிலிருந்து வருங்கால் இகழ்ச்சியாகவும் அமையும் என்பதற்கு இஃது பழஞ்சான்று. ஆனால் இவ்விருவரும் அவையின் நகையிலிருந்து விலகிச் செல்கின்றனரே அன்றி, அதைத் திருப்பவில்லை. அதனைச் செய்தவர்கள் இரட்டையர்.

இரட்டையர்: செலவுக்குரியோர் பாடியது

இளஞ்சூரியர், முதுசூரியர் என வழங்கப்பெறும் இரட்டையர் 14ஆம் நூற்றாண்டினர் என்பர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடமானவர். பார்வையற்றவர் முடமானவரைத் தோளில் சுமந்து நடக்க, மேலிருப்பவர் வழிகாட்டுவார் என்பது செவிவழி மரபு. தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியன இவர்கள் இயற்றியவை. இவர்கள் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் முடிப்பார் என்பதும் மரபே.

குருடனும் முடவனும் இணைந்து செல்லும் படிமம் இந்தியச் சிந்தனைக்குப் புதிதன்று. சாங்கிய காரிகை புருடனும் பிரகிருதியும் கூடுதற்கு அவ்வுவமையையே ஆள்கிறது. அங்கே அவ்விருவரும் தத்துவம் விளக்கும் கருவிகள்; அவர்களுக்குப் பெயரில்லை, பேச்சுமில்லை. இரட்டையர் மரபில் அவ்விருவரும் பசிக்கும் வயிறும் நனையும் கந்தையும் உடைய மனிதர்களாய்ப் பேசத் தொடங்குகின்றனர். செயிற்றியம் நகைக்களனாக எண்ணிய அதே செலவு, இங்கே பாடலின் பிறப்பிடமாகிறது.

முதற்சான்று, மதுரையில் துணி துவைக்கையில் அது நீரோடு நழுவிப்போன நிகழ்ச்சியை ஒட்டியது. ‘தப்புதல்’ என்பதற்குத் துணியை அடித்துத் துவைத்தல் என்றும், பிழைத்து ஓடுதல் என்றும் இருபொருள் உண்டு. நாம் அதைத் தொடர்ந்து தப்பினால் அது நம்மைத் தப்பாதோ என்று ஒருவர் வினவ, இக்கலிங்கம் போனாலும் சொக்கலிங்கம் துணையுண்டு என்று மற்றவர் முடிக்கிறார். கலிங்கம் ஆடை, சொக்கலிங்கம் ஆலவாய் இறைவன். இதனோடு இணைந்து வழங்கும் மற்றொரு பாடத்தில் அக்கந்தை ஆயிரம் கண்ணுடையதாகக் கூறப்படுகிறது. கண்ணில்லாத ஒருவரும் ஆயிரம் கண்ணுடைய கந்தையும் ஒரே பாடலில் எதிரெதிர் நிற்பதன் நகையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பார்வையற்றவர் துணியைத் தவறவிட்டார் என்பது காண்போர்க்கு இரக்கம் தரும் செய்தி. பாடலில் அது துணியின் குற்றமாகிறது: அடி தாங்காமல் துணி தப்பி ஓடிவிட்டது.

இரண்டாஞ்சான்று நடையைப் பற்றியே பேசுவது. மேடும் பள்ளமுமாகிய வழியில் நடந்து அலையும் இவ்வாழ்வு என்று விடியும் என்று ஒருவர் ஏங்குகிறார். மற்றவர் விடை கூறுகிறார்: ஒன்றும் கொடாதவனை ‘கோ’ என்றும் ‘கா’ என்றும் புகழ்ந்து பாடினோமே, நமக்கு இந்த இடி விழாதோ? கோ அரசன், கா கற்பகச்சோலை. முற்பாதி அழுகையின் அசைவிலும் வருத்தத்திலும் நிற்கிறது. அதைக் கேட்போர், துன்பத்துக்குக் காரணம் காலும் கண்ணும் என்று எண்ணுவர். பிற்பாதி காரணத்தை வேறிடத்தில் காட்டுகிறது. வழியை நீட்டியது குறையுடைய உடலன்று. கொடாத வள்ளலும், அவனைப் பொய்யாகப் புகழ்ந்த தம் நாவுமே. இகழ்ச்சியின் ஒரு பங்கைப் பாடியவர்கள் தம்மேலும் ஏற்றுக்கொள்வதால் நகை வசையாக மாறவில்லை.

மூன்றாஞ்சான்று ஆங்கூர்ச் சிவனிடம் பசியை முறையிடுவது. நாங்கள் பசித்திருத்தல் முறையோ என்று ஒருவர் கேட்க, சங்கும் முரசும் ஒலிப்பதைத் தவிர இங்கே சோற்றைக் கண்டவர் எவர் என்று இறைவனே விரட்டுவதாக மற்றவர் முடிக்கிறார். அவ்விடத்து ‘மூளி’ என்னும் சொல் ஆளப்பெற்றுள்ளது. உறுப்புக் குறையைச் சுட்டும் அச்சொல், உறுப்புக் குறையுடையோர் பாடிய பாடலில், கோயிலிலுள்ள எவருக்கும் பொதுவான வசையாக விரிகிறது.

மூன்று பாடல்களுக்கும் பொதுவான அமைப்பு ஒன்றுண்டு. முற்பாதி அவலத்தைக் கூறும். பிற்பாதி அதைத் திருப்பும். இரண்டையும் ஒருவரே பாடியிருப்பின் அது புலமைத் திறன் என்றளவில் நின்றிருக்கும். இருவர் பாடுவதால், அவலத்தைச் சொன்னவர் விடை தேடித் தவிக்க வேண்டியதில்லை. விடை தோளுக்கு மேலிருந்தோ கீழிருந்தோ வருகிறது.

எல்லாப் பாடல்களும் இவ்வாறு அமையவில்லை என்பதையும் கூறவேண்டும். மூடர்முன் கவி பாடுதல் பயனற்றது என்னும் கருத்தை விளக்க, கணவன் பார்வையற்றவனாயின் திருமகளையொத்த பெண்ணுக்குச் செய்யும் ஒப்பனை எதற்கு என்னும் உவமை இரட்டையர் பாடலொன்றில் வருகிறது. பார்வையின்மை இங்கே அறிவின்மைக்கு உவமை. புறநானூற்றுப் பாடலின் வழியே இதுவும் செல்கிறது. ஆனால் இப்பிற்பாதியைப் பாடியவர் பார்வையற்றவர் எனக் கொண்டால் நகையின் சுவை ஒன்று. கால் முடமானவர் எனக் கொண்டால் வேறொன்று. பாடியவர் யார் என்பதைப் பாடல் கூறவில்லை. சொல்பவர் மாறின் எள்ளலின் வகையும் மாறும் என்பதற்கு இப்பாடலே தக்க சோதனை.

வீரராகவர் கட்டுச்சோறு

17ஆம் நூற்றாண்டினரும் திருவாரூர் உலா, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலியன இயற்றியவருமான அந்தகக்கவி வீரராகவ முதலியார் தனித்துப் பாடியவர். அவர் வைத்திருந்த கட்டுச்சோற்றை நாய் கவ்விச் சென்றதைப் பற்றிய பாடல் பெரிதும் வழங்குவது. வயிரவன் வாகனம் நாய். நான்முகன் வாகனம் அன்னம். திருமால் வாகனம் கருடன். நாய் அன்னத்தைக் கவ்வ, அது பறந்து போயிற்று. எஞ்சியது வயிற்றில் பற்றிய தீ. சோறும் பறவையுமாகிய ‘அன்னம்’ என்னும் ஒரு சொல்லில் பாடல் முழுதும் தங்கியுள்ளது.

இந்நிகழ்ச்சி பார்வையற்றோர் அன்றாட வாழ்வில் எதிர்கொள்ளும் மிக எளிய இடர். அருகில் வைத்த உணவை விலங்கு கொண்டுபோவது தெரியாமற் போகிறது. இரட்டையர்க்கு இருந்த துணை வீரராகவர்க்கு இல்லை. ஆகவே தேவர்களையும் அவர்தம் வாகனங்களையும் துணைக்கு அழைத்து, பாடலின் மறுபாதியை அவர்களைக் கொண்டு நிரப்புகிறார் எனலாம்.

செட்டியார்பட்டி வழக்கில் நகை

தளவாய்புரம் வட்டாரம் நைட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. செட்டியார்பட்டியிலும் தையல் எந்திர ஓசை கேளாத தெரு அரிது. கட்டுரையாளர் வீட்டுக்கு அருகே தையற்கடை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர் இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பியவர். இளமையில் மிதி எந்திரத்தை ஒற்றைக்காலால் ஓட்டியவர். இப்போது மோட்டார் பொருத்திக்கொண்டார். அளவு பிசகாமல் தைப்பவர் என்று அவருக்குப் பெயருண்டு. அதன் மருமத்தைக் கேட்டபோது அவர் சொன்னது: “எனக்கு ரெண்டு காலும் அளவு தப்பிப்போச்சு தம்பி. தைக்கிறதாவது அளவு தப்பாம இருக்கட்டும்னுதான்.”

இரட்டையரின் ‘தப்பு’ செட்டியார்பட்டித் தையற்கடையில் மீண்டும் ஒலிப்பது தற்செயலே. அவர் அப்பாடலை அறிந்தவரல்லர். ஆயினும் அமைப்பு அதுவே: முற்பாதி குறையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது, பிற்பாதி அக்குறையிலிருந்தே தொழிலின் செம்மையை வருவிக்கிறது.

கருதத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. இச்சொல்லை அவர் வாடிக்கையாளர் எவரிடமும் சொன்னதில்லை. கட்டுரையாளரிடம் சொன்னார், சொல்லிவிட்டு இருவர் காலையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார். கூனியும் குறளனும் நாடிய தனியிடம் போன்றதே அக்கடையின் பின்கட்டு. சிரிப்பு எவரிடம் பாதுகாப்பாக இருக்கும் என்று அறிந்த பின்னரே அது வெளிப்படுகிறது.

சிரிக்க வேண்டிய கட்டாயம்

நகையைப் போற்றிப் பேசும்போது அதன் மறுபக்கத்தை மறைத்தல் கூடாது. கட்டுரையாளர் முதுகலை பயின்ற காலத்துத் தேர்வொன்று இரண்டாம் மாடியில் நடந்தது. படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றி ஏறிக்கொண்டிருக்கையில் மேலே நின்ற பணியாளர் ஒருவர், “ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்கூட நிலைக்கு வந்துரும், நீ வந்து சேர மாட்டபோல” என்றார். சூழ நின்றோர் சிரித்தனர். கட்டுரையாளரும் சிரித்தார்.

அச்சிரிப்பு பேராசிரியர் கூறிய இரண்டாம் வகையுள் அடங்கும். பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலே அது. ஆயினும் அதில் திருப்புதல் இல்லை. சிரிக்காவிடின் ‘இவனுக்கு விளையாட்டுப் பேச்சு தெரியாது’ என்பர். சினந்தால் ‘காலைப்போல் மனமும் கோணல்’ என்பர். உடற்குறையுடையோர் எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, பிறர் மனக்கூச்சத்தைப் போக்க அவர்கள் செலுத்தும் ஒருவகைத் திறையாகிவிடுகிறது. “எவ்வளவு சிரிச்ச முகம்!” என்னும் பாராட்டு பலபோது அத்திறைக்குரிய பற்றுச்சீட்டே.

அடுத்த தேர்வன்று அதே படிக்கட்டில் அதே சொல் மீண்டும் வந்தது. இம்முறை உடன் ஏறிய நண்பர் விடை கூறினார்: “தேர் ஓடுறதுக்கு வீதியவே அகலமா போட்டு வச்சிருக்காங்க அண்ணாச்சி. இவனுக்கு நீங்க ஏணிதான போட்டிருக்கீங்க!” மீண்டும் எல்லோரும் சிரித்தனர்; பணியாளரும் சிரித்தார். அன்று கட்டுரையாளர் சிரித்தது வேறு சிரிப்பு. அதற்கடுத்த தேர்வும் இரண்டாம் மாடியில்தான் நடந்தது. ஆனால் தேர் என்னும் சொல் பின்னர் எழவில்லை.

நண்பர் செய்தது யாது? தேர் மெதுவாக நகர்வது அதன் குற்றமன்று. அதற்கென வீதி அமைத்து, வடம் பிடிக்க ஊரே திரள்கிறது. ஒருவன் மெதுவாக ஏறுவது மட்டும் அவன் காலின் குற்றமாவது எங்ஙனம்? கொடாத வள்ளலைக் காட்டி இரட்டையர் வழித்துன்பத்துக்குக் காரணம் மாற்றியதுபோல, நண்பர் படிக்கட்டைக் காட்டிக் காரணத்தை மாற்றினார். முற்பாதியை எள்ளியவரே பாடிவிட்டார். பிற்பாதியைப் பாட ஒருவர் உடனிருந்தார்.

சட்டமும் மரபும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்வையில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதித்தலை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமாக்கியுள்ளது. ‘ஆங்க் மிச்சோலி’ என்னும் இந்தித் திரைப்படத்தின் சித்திரிப்பை எதிர்த்து நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், 2024ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகளைத் தாழ்த்தும் நகைச்சுவை, மாற்றுத்திறன் வாழ்வைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை என இருவகையை அத்தீர்ப்பு வேறுபடுத்தியது.

இவ்வேறுபாட்டைப் பேராசிரியரின் இருவகை எள்ளலோடு அப்படியே பொருத்துதல் பொருந்தாது. நீதிமன்றம் நோக்கத்தையும் விளைவையும் கருதுகிறது. உரையாசிரியர் எள்ளலுக்கு உரியவர் யார் என்பதைக் கருதுகிறார். எனினும் நகையை முழுதும் விலக்காமல், முழுதும் ஏற்காமல், உள்ளே பகுத்து நோக்கும் முறை இரண்டற்கும் பொது. சட்டம் தாழ்த்தும் சொல்லைத் தண்டிக்க இயலும். திருப்பும் சொல்லைப் படைக்க இயலாது. அது பேருந்திலும் தையற்கடையிலும் படிக்கட்டிலும் பிறக்க வேண்டியதாகும்.

முடிவுரை

முடவர் செலவை நகைக்களனாக எண்ணிய மரபிலேயே, அச்செலவுக்குரியோர் நகையைப் படைத்த மரபும் தொடர்ந்துள்ளது. கலித்தொகையில் இருவர் அவையின் நகையிலிருந்து விலகினர். இரட்டையர் அதைத் திருப்பினர். வீரராகவர் தனியே நின்று திருப்பினார். திருப்பி நகுதலில் இருபொருட்சொல் கருவியாகிறது. துன்பத்தின் காரணம் உடலிலிருந்து துணிக்கோ வள்ளலுக்கோ படிக்கட்டுக்கோ பெயர்கிறது. பெரும்பாலும் மறுபாதியைப் பாட இன்னொருவர் இருக்கிறார்.

ஆகவே, உடற்குறையை நகையோடு எதிர்கொள்வாரைக் காணும்போது அவர்தம் மனத்திண்மையை வியந்து நின்றுவிடுதல் போதாது. அவர் எந்த முற்பாதிக்கு விடை கூறுகிறார், அம்முற்பாதியைப் பாடியவர் யார், விடை கூற உடனிருந்தவர் எவர் என்பனவும் ஆராயத்தக்கன. இரட்டையரைப் பற்றிய மரபுக் கதையில் சுமந்தவர், சுமக்கப்பட்டவர் என்னும் பகுப்பே பெரிதாகப் பேசப்படுகிறது. பாடல்களில் அப்பகுப்பு காணப்படவில்லை. எப்பாதி எவருடையது என்றுகூடப் பிரித்தறிய இயலாதவாறு அவை இணைந்து நிற்கின்றன.